சந்தையும் ஆடுகளமும்

வேற்றூர்க்குக் கல்வி கற்கச் செல்லும் மாணவன் அவ்வூரை ஏட்டின் வழியாகவும் அறியலாம். காலின் வழியாகவும் அறியலாம். ஏடு அவ்வூரை ஆண்ட மன்னர் பெயரையும், அங்குள்ள கோபுரத்தின் உயரத்தையும், பெய்யும் மழையின் அளவையும் கூறும். கால்களோ அவனைக் கடைத்தெருவிற்கும் ஆடுகளத்திற்கும் இட்டுச் செல்லும். விலை கேட்டு ஏமாறாமலும், ஆட்டத்தில் தோற்றபொழுது முகம் வாடாமலும் நிற்கப் பழகும்வரை, அவன் அவ்வூரில் எத்தனை ஆண்டு தங்கினும் விருந்தினனே.

திருவண்ணாமலையில் அங்ஙனம் விருந்தினன் என்னும் நிலை நீங்கி, ஊர்ப்பிள்ளையாகவே வளர்ந்த வேற்றுநாட்டுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் பெயர் ஆடம் ஆஸ்பர்ன். கையிலே தூக்கிச் செல்லத்தக்க கணிப்பொறியை முதன்முதலாக உலகச் சந்தையில் வெற்றியுடன் விற்றுக் காட்டிய ஆஸ்பர்ன் அவனே.

ஆடத்தின் தந்தையார் ஆர்தர் ஆஸ்பர்ன் ஆங்கிலேயர், ஆக்ஸ்போர்டில் பயின்றவர். தாயார் லூசியா போலந்து நாட்டவர். தந்தையார் பாங்காக்கு நகரிலுள்ள சூலலாங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபொழுது, 1939ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 6ஆம் நாள் ஆடம் பிறந்தான். 1941ஆம் ஆண்டில் அக்குடும்பம் இந்தியாவிற்கு வந்தது. மனைவியையும் மூன்று மக்களையும் இங்கே விடுத்து, ஆர்தர் தம் பணிக்கு மீண்டார். அவ்வாண்டு திசம்பரில் சப்பானியப் படை சயாம் நாட்டினுள் புகுந்தது. ஆங்கிலேயராகிய அவர் சிறைமுகாமில் அடைக்கப்பட்டார். போர் முடிந்த 1945ஆம் ஆண்டுவரை அவர் மீளவில்லை. இரண்டு வயது நிரம்பிச் சில திங்களே ஆகியிருந்த ஆடமும், அவனுடன் பிறந்த பெண்மக்கள் இருவரும் தாயோடு திருவண்ணாமலையில், இரமணர் ஆசிரமத்தின் அருகே வாழ்ந்தனர்.

அவ்வூர்க்கு வெள்ளையர் வருவது அக்காலத்திற் புதுமையன்று. பால் பிரண்டன் என்னும் ஆங்கில எழுத்தாளர் இரமணரைக் கண்டு எழுதிய நூல் 1934ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனைப் படித்துப் பலர் வந்தனர். புகழ்பெற்ற நாவலாசிரியர் சாமர்செட் மாம் 1938ஆம் ஆண்டில் வந்து சென்றார். ஆயினும் அவர்களெல்லாம் ஒன்றைக் காண வந்தவர்கள், கண்டவுடன் மீண்டவர்கள். ஊரின் மொழி அவர்க்குத் தேவைப்படவில்லை; மொழிபெயர்ப்பார் உடனிருந்தனர். குழந்தைகளுக்கு மொழிபெயர்ப்பார் யார் வருவார்? கோலி தம் கோலியை அடித்ததா இல்லையா என்று வழக்காட வேண்டுமாயின், அதனைத் தாமே தமிழில் வழக்காட வேண்டும். ஆடம் தமிழை ஏட்டிற் கற்றான் அல்லன், பேசிக் கற்றான்.

திருவண்ணாமலை அந்நாளில் வட ஆர்க்காட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. தனி மாவட்டத்தின் தலைநகராக அது ஆனது 1989ஆம் ஆண்டிலேதான். 2,668 அடி உயர்ந்த மலை. அதன் கீழ்ப்புறத்தே பதினொரு நிலைகளுடன் ஓங்கிய இராசகோபுரம். கோயிலைச் சுற்றி அகன்ற தேர் வீதிகள். தென்மேற்கே செங்கத்திற்குச் செல்லும் சாலை. அச்சாலையில் ஊர் முடிந்தபின் இருமருங்கும் புளியமரங்கள். விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குச் செல்லும் புகைவண்டி அவ்வூரைத் தொட்டுச் செல்லும். அவ்வண்டியிற் பெரியவர்கள் கோயிலுக்கென்று இறங்குவர். அவர் கைபற்றி வந்த சிறுவர்களோ கோயிலைக் காணுமுன் கடையைக் காண்பர்.

கடைத்தெருவிற் சிறுவரை ஈர்ப்பன எவை? செங்கம், போளூர், வேட்டவலம் முதலிய ஊர்ப்புறங்களிலிருந்து உழவர் கொண்டுவரும் நிலக்கடலையை முதலிற் கூறல் வேண்டும். அந்நாட்டார் அதனை நிலக்கடலை என்னார், ‘மல்லாட்டை’ என்பர். மணிலாக் கொட்டை என்பதே அங்ஙனம் மருவிற்று. பிலிப்பைன் தீவுகளின் தலைநகர்ப் பெயர் வட ஆர்க்காட்டு உழவர் நாவிற் புகுந்து, அடையாளமே தெரியாமற் கரைந்துபோனமை வியப்பன்றோ! ஊர்ப்பெயர் மட்டுமன்று, அப்பயிரும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததே. வேற்றுநாட்டிலிருந்து வந்து ஊரோடு கலந்தோர் மனிதர் மட்டுமல்லர்.

சவ்வாது மலையிலிருந்து இறங்கி வரும் மலைவாழ் மக்கள் தேனும், புளியும், கடுக்காயும், சாமையும் கொணர்வர். குயவர் புதுப்பானைகளை அடுக்கியிருப்பர். வளையற்காரர் கண்ணாடி வளையல்களை நூலிற் கோத்துத் தொங்கவிட்டிருப்பர். இவற்றையெல்லாம் கண்டு மகிழ்வது எளிது. ஆனால், வாங்குவது எளிதன்று. பேரம் பேச வேண்டும்; அதற்குக் கணக்கு வேண்டும்.

அக்காலத்துக் கணக்கு இக்கால மாணவர்க்கு மலைப்பைத் தரும். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணாவிற்குப் பன்னிரண்டு தம்பிடி. மூன்று தம்பிடி ஒரு காலணா. நிறுத்தலளவையில் எட்டுப் பலம் ஒரு சேர். ஐந்து சேர் ஒரு வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு. முகத்தலளவையிலோ ஓர் ஒழுங்கு உண்டு. படியிற் பாதி உரி. உரியிற் பாதி உழக்கு. உழக்கிற் பாதி ஆழாக்கு. பின்னக் கணக்கும் அவ்வாறே: அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக இறங்கும். பத்துப் பத்தாக எண்ணுவதே இயல்பென்று நாம் இன்று கருதுகிறோம். பதின்முறை நாணயம் இந்நாட்டில் 1957ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் வந்தது. மீட்டர் முறை அளவைகளும் அவ்வாண்டுகளிலேயே படிப்படியாக வந்தன. அதுவரை சந்தைக்குச் சென்ற சிறுவன் ஒவ்வொருவனும் இரண்டால் வகுத்தும் இரண்டால் பெருக்கியும் பழகியவனே. கணிப்பொறியும் இரண்டை அடியாகக் கொண்டே எண்ணும் என்பது ஈண்டு நினைவிற்கு வருதல் கூடும். ஆயினும், ஆழாக்குக் கணக்கே ஆஸ்பர்னைக் கணிப்பொறித் தொழிலுக்கு இழுத்தது என்று கூறப் புகுவது மிகை.

சந்தையில் மொழியும் சில சமயம் ஏட்டினின்று விலகி நிற்கும். ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று அரும்பாடுபட்டு மனப்பாடம் செய்த வேற்றுநாட்டுப் பிள்ளை, நெல் அளப்பவர் எதிரே நின்றால் திகைத்துப் போவான். ஏனெனில், அவர் முதற்படியை அளக்கும்பொழுது ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார், ‘லாபம்’ என்பார். அதன் பின்னரே இரண்டு, மூன்று என்று எண்ணிச் செல்வார். கேட்ட பிள்ளை, தமிழில் முதலெண்ணின் பெயரே லாபம் போலும் என்று எண்ணினால் அவனைக் குறை கூறலாகாது. அருகிலுள்ள கூட்டாளி நகைத்து விளக்குவான். அதன் பின்னர் அவன் வாழ்நாள் முழுவதும் அதனை மறவான்.

பேரம் பேசுவதிலும் முறை உண்டு. எடுத்த எடுப்பில் விலையைக் குறைக்கக் கேட்பது பண்பன்று.

“ஆயா, மல்லாட்டை படி என்ன விலை?”

“இரண்டணா, தம்பி. நேற்றுப் பிடுங்கியது. ஒன்று உடைத்துப் பாரேன்.”

“ஒன்றரை அணாவிற்குத் தருவாயா, ஆயா?”

“உன் தாத்தா கொண்டுவந்து கொட்டினாரா? சரி, கூடையைப் பிடி. கொசுறு கேட்கக் கூடாது.”

கூடாது என்று கூறிய பின்னரும் அக்கிழவி ஒரு கைப்பிடி அள்ளிப் போடுவாள். அளவிற்கு மேலே கொடுக்கும் அக்கொசுறுக்குக் கணக்கு இல்லை. அது கேட்பவன் முகத்தைப் பொறுத்தது. ‘ஆயா’ என்று அழைக்கத் தெரிந்த பிள்ளைக்கே அது கிடைக்கும். போர்க்காலமாதலின் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு நிலவிய ஆண்டுகள் அவை. கைப்பிடிக் கடலையும் அந்நாளிற் சிறு பொருளன்று.

அன்றாடக் கடைத்தெருவின் செய்தி இஃதாக, ஆண்டிற்கொருமுறை கார்த்திகைத் திருவிழாவின்பொழுது கூடும் மாட்டுச் சந்தையைக் கண்டவர் அதனை மறத்தல் அரிது. பல மாவட்டங்களிலிருந்து உழவர் தத்தம் மாடுகளை ஓட்டி வருவர். குதிரைகளும் விற்பனைக்கு வரும். கொம்பு சீவி, வண்ணம் தீட்டி, கழுத்திற் சலங்கை கட்டிய காளைகள் வரிசை வரிசையாக நிற்கும். மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு, சாட்டை, மணி ஆகியவற்றை விற்கும் கடைகள் அவற்றினிடையே முளைத்திருக்கும்.

வாங்க வந்தவர் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார். பால்பல் விழுந்து இரண்டு பல் முளைத்ததா, நான்கு பல்லா, ஆறு பல்லா என்பதைக் கொண்டு வயதைக் கணிப்பார். பின்னர் மயிர்ச்சுழிகள் எங்கெங்கு உள்ளன என்று பார்ப்பார். இன்ன இடத்துச் சுழி நன்று, இன்ன இடத்துச் சுழி தீது என்பது அவர்தம் நம்பிக்கை. சிறிது தூரம் நடத்திப் பார்த்துக் கால்வாக்கை அறிவார். அதன் பின்னரே விலை.

அவ்விலை பேசும் முறைதான் சிறுவர் கூட்டத்தைக் கட்டி நிறுத்தும். தரகர் தம் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையின்மேல் விரிப்பார். வாங்குபவர் தம் கையை அத்துண்டின்கீழ் நுழைப்பார். வாய் பேசாது, விரல்கள் பேசும். ஒரு விரலைப் பற்றினால் ஒன்று. இரண்டைப் பற்றினால் இரண்டு. ஐந்தையும் சேர்த்துப் பற்றினால் ஐந்து. அது பத்தா, நூறா, ஆயிரமா என்பது மாட்டைக் கண்டபொழுதே இருவர்க்கும் விளங்கியிருக்கும். வாங்குபவர் தலையசைத்து மறுப்பார். தரகர் அவர் கையை விடாமற் பற்றிக்கொண்டு விற்பவரிடம் திரும்பி, மற்றொரு கையால் அவரிடமும் அவ்வாறே பேசுவார். சுற்றி நிற்கும் நூறு பேர்க்கும் விலை தெரியாது. பேரம் முறிந்தாலும் இருவர்க்கும் மானக்குறைவில்லை. அடுத்து வருபவரிடம் புதிய விலை கூறவும் தடையில்லை. துண்டின்கீழ் நடப்பது யாதென்று முகக்குறியைக் கொண்டே கண்டறிய முயல்வது சிறுவர்க்கு ஒரு விளையாட்டு. அதிற் பெரும்பாலும் தோல்வியே கிட்டும். கைதேர்ந்த தரகரின் முகம் கல்லைப் போன்றது.

விளையாட்டென்றவுடன் ஆடுகளத்திற்குச் செல்லுதல் வேண்டும். பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஊதுகுழல் ஊதி நடத்தும் விளையாட்டன்று இங்குக் கூறப்படுவது. அறுவடை முடிந்த வயல், ஏரியின் உட்புறம், கோயில் மதிலோரம் ஆகிய இடங்களில் ஊர்ச் சிறுவர் தாமே சட்டம் வகுத்து, தாமே நடுவராகி ஆடிய ஆட்டங்கள் இவை: சடுகுடு, கிட்டிப்புள், கோலி, பம்பரம், பச்சைக்குதிரை. மழைநாளிலும் நண்பகலிலும் திண்ணையில் ஆடுபுலியாட்டமும் தாயமும் நிகழும். பெண்மக்கள் பாண்டியும் ஐந்தாங்கல்லும் பல்லாங்குழியும் ஆடுவர்.

ஆட்டம் தொடங்குமுன் கட்சி பிரித்தல் வேண்டும். அதற்கு உத்தி பிரித்தல் என்று பெயர். இரண்டு தலைவர்கள் ஒருபுறம் நிற்க, ஏனையோர் இருவர் இருவராகத் தோள்மேற் கைபோட்டுத் தனியே சென்று, தமக்குள் இரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு வருவர். ‘மலை வேண்டுமா, ஏரி வேண்டுமா?’ என்று அவர் கேட்க, ஒரு தலைவன் ‘மலை’ என்பான். மலையென்று பெயர் கொண்டவன் அவன் பக்கம். ஏரி மற்றவன் பக்கம். இணையாக வருவோர் ஏறத்தாழ ஒத்த வலிமையுடையவராக இருத்தல் மரபாதலின், கட்சிகள் இரண்டும் சமமாகவே அமையும். யார் மகன் யார், எவன் எந்த நாட்டான் என்பதற்கு அங்கே இடமில்லை. வேற்றுநாட்டுப் பிள்ளையும் ஒரு தோளின்மேற் கைபோட்டுக்கொண்டு போய், தமிழில் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு வருதல் வேண்டும். தமிழ்ச்சொல் பயிற்றுவிப்பதற்கு இதனினும் சிறந்த வகுப்பைக் கல்வித்துறையினர் இன்னும் கண்டிலர்.

சடுகுடு ஆட்டத்தில் மூச்சே ஆயுதம். நடுக்கோட்டைத் தாண்டி மாற்றார் களத்திற் புகுபவன், மூச்சுவிடாமற் பாடிக்கொண்டே செல்வான். ‘சடுகுடு சடுகுடு’ என்று பாடலாம். தான் அறிந்த வேறு அடிகளையும் பாடலாம். பாட்டு அறுந்தால் அவன் தோற்றான். எதிரியைத் தொட்டு, பாட்டு அறுபடாமல் மீண்டால் தொடப்பட்டவன் தோற்றான். காலைப் பற்றி இழுப்பார், இடுப்பைக் கட்டுவார், ஒருவன்மேல் ஐவர் விழுவார். புழுதியின் அடியிலிருந்து, கோட்டை நோக்கி நீளும் ஒரு கையும், தேயும் குரலும் மட்டுமே வெளிப்படும். விரல்நுனி கோட்டைத் தொட்டதா, குரல் அதற்கு முன்னே அறுந்ததா என்னும் வழக்கு ஆட்டத்தினும் நெடுநேரம் நடக்கும். பாட்டை நாத்தடுக்காமற் பாட வேண்டியிருத்தலின், புதிதாக வந்த பிள்ளைக்குத் தமிழின் ஒலிகள் நாவிற் படிவதும் இவ்வாட்டத்திலேயாம். ஊர்ப்புழுதியிற் பிறந்த இவ்வாட்டம் 1936ஆம் ஆண்டில் பெர்லின் ஒலிம்பிக்கு விழாவின்பொழுது உலகத்தார்க்கு ஆடிக்காட்டப்பட்டது. 1990ஆம் ஆண்டில் பீகிங்கு நகரில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டுப் போட்டியிற் கபடி என்னும் பெயரால் இடம்பெற்றது.

கார்த்திகை விளக்கீட்டிற்கென்றே அமைந்த விளையாட்டு ஒன்றும் உண்டு. அது மாவளி சுற்றுதல். ஆண்பனையின் பாளையைக் கொணர்ந்து உலர்த்தி, குழியிலிட்டுத் தீமூட்டி, மூடிக் கரியாக்குவர். அக்கரியைப் பொடி செய்து துணியிற் பொதிந்து இறுகக் கட்டுவர். பிளந்த பனைமட்டைத் துண்டுகளின் இடையே அப்பொதியைச் செருகிக் கயிற்றிற் பிணைத்து, நெருப்பு வைத்துத் தலைக்குமேற் சுற்றுவர். பொறிகள் சிதறிச் சுற்றிலும் பொன்வட்டமாக ஒளிரும். சுற்றுபவன் அவ்வட்டத்தின் நடுவே நிற்பான். அவன்மீது ஒரு பொறியும் விழாது. நிறுத்தத் தெரியாதவன்மீது விழும். மாவளியைக் கடையில் வாங்குவது அரிது. கூட்டாளிகள் பல நாள் கூடி உழைத்தே செய்தல் வேண்டும். பாளை தேடுபவன் ஒருவன், கரி இடிப்பவன் ஒருவன், தாயின் பழஞ்சேலையைக் கிழித்துக் கொணர்ந்து அடிபடுபவன் ஒருவன்.

தீபநாளன்று மாலை மலையுச்சியிற் பெருங்கொப்பரையில் நெய்யும் திரியும் இட்டு விளக்கேற்றியவுடன், ஊர் முழுவதும் அரோகரா என்னும் முழக்கம் எழும். வீடுதோறும் அகல்விளக்குகள் ஒளிரும். வெல்லப்பாகில் உருட்டிய பொரியுருண்டைகள் சிறுவர் கைகளில் ஏறும். மலைமேல் எரியும் சுடரைப் பல கல் தொலைவிலுள்ள ஊரார் தத்தம் வாயிலில் நின்றே காண்பர். திருவண்ணாமலையில் வளரும் எந்தப் பிள்ளைக்கும் ஆண்டின் கணக்கு அச்சுடரிலிருந்தே தொடங்கும்.

இங்ஙனம் போர்க்காலம் கழிந்தது. 1945ஆம் ஆண்டிற் சிறை நீங்கி ஆர்தர் ஆஸ்பர்ன் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார். அவர் பிரிந்தபொழுது மழலை பேசிய மகன், அப்பொழுது ஆறு வயதுச் சிறுவன். தந்தைக்கு அவ்வூர் புதிது. மகனுக்கோ அதுவே ஊர். தமிழில் ஊராரோடு பேசுவதில் மகன் மூத்தவனாகவும் தந்தை இளையவராகவும் இருந்த அந்நிலையை எண்ணிப் பார்த்தல் சுவை தரும்.

ஆடம் கொடைக்கானலிலுள்ள பிரசென்டேசன் கான்வென்டுப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை பயின்றான். 1950ஆம் ஆண்டில், பதினோராம் வயதில், மேற்படிப்பிற்காக இங்கிலாந்திற்கு அனுப்பப்பட்டான். கடவுச்சீட்டின்படி அது அவன் நாடு. ஆனால், தன் நினைவறிந்த நாள்முதல் தமிழ்நாட்டில் வளர்ந்த சிறுவனுக்கு அதுவே வேற்றுநாடு. வார்விக்சயரில் ஒரு விடுதிப்பள்ளியில் அவன் சேர்ந்தான்.

அந்நாளைய இங்கிலாந்தின் கடைத்தெருவை நோக்குங்கால் ஒரு வியப்பு உண்டு. போர் முடிந்து ஐந்தாண்டுகள் ஆகியும் அங்கே பங்கீடு நீங்கவில்லை. மிட்டாய்க்கும் பங்கீட்டுச் சீட்டு வேண்டும். 1953ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களிலேதான் மிட்டாய்ப் பங்கீடு அகன்றது. இறைச்சிப் பங்கீடு 1954ஆம் ஆண்டு வரை நீடித்தது. கிழவியிடம் பேரம் பேசிக் கொசுறும் பெற்று வரும் நாட்டிலிருந்து சென்றவன், கையிற் காசு இருந்தும் சீட்டு இன்றி மிட்டாய் வாங்கவியலாத நாட்டை அடைந்தான். செல்வ நாடு, வறிய நாடு என்று நிலப்படத்திற் பிரித்துக் காட்டுவோர் இதனையும் கருதுதல் நன்று.

ஆயினும் ஆட்டங்கள் அவ்வளவு வேற்றுமை உடையன அல்ல. இருமுனையும் கூராக்கிய சிறுகட்டையைக் கோலால் தட்டி எழுப்பி அடிக்கும் கிட்டிப்புள், இங்கிலாந்தில் ‘டிப்கேட்’ என்னும் பெயரால் நெடுங்காலம் ஆடப்பட்டது. சான் பனியன் என்னும் ஆங்கில நூலாசிரியர், தம் இளமையில் ஞாயிற்றுக்கிழமையன்று அவ்வாட்டத்தை ஆடிக்கொண்டிருந்தபொழுதே மனமாற்றம் உண்டாயிற்று என்று 1666ஆம் ஆண்டில் வெளிவந்த தம் வரலாற்று நூலிற் குறித்துள்ளார். பிளெமியப் பெரு ஓவியர் பீட்டர் புருகல் 1560ஆம் ஆண்டில் தீட்டிய ஓவியம் ஒன்று வியன்னா நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் எண்பதிற்கும் மேற்பட்ட ஆட்டங்களைச் சிறுவர் ஆடுகின்றனர். ஒருபுறம் பச்சைக்குதிரை தாண்டுகின்றனர். ஒருபுறம் பம்பரம் சுற்றுகின்றனர். பெண்கள் இருவர் கல்லுக்குப் பதிலாக எலும்புத் துண்டுகளை எறிந்து பிடிக்கின்றனர். திருவண்ணாமலைத் தெருச்சிறுவன் ஒருவனை அவ்வோவியத்தினுள் விட்டால், மொழி தெரியாமலே அரை நாழிகையில் ஆட்டத்திற் சேர்ந்துவிடுவான்.

ஆஸ்பர்ன் 1961ஆம் ஆண்டிற் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று, டெலவேர் பல்கலைக்கழகத்தில் 1968ஆம் ஆண்டில் வேதியியற் பொறியியலில் முனைவரானார். இந்தியா, இங்கிலாந்து, அமெரிக்கா என மூன்று நாடுகளில் அவர் மாணவராக இருந்தார் எனலாம். கலிபோர்னியாவில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றிற் பணிபுரிந்து, அதனை விடுத்து, கணிப்பொறி பற்றிய நூல்களை எளிய நடையில் எழுதி வெளியிடலானார். அந்நூல்கள் பெருக விற்றன. 1979ஆம் ஆண்டில் அப்பதிப்பகத்தை மெக்ராகில் நிறுவனம் வாங்கிக்கொண்டது.

1981ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களிற் சான்பிரான்சிஸ்கோ நகரிற் கணிப்பொறிச் சந்தை ஒன்று கூடிற்று. அச்சந்தையில் ஆஸ்பர்ன் தம் சரக்கைக் கொண்டுவந்து வைத்தார். லீ பெல்சன்சுடைன் என்னும் பொறியாளர் வடிவமைத்த ‘ஆஸ்பர்ன் 1’ அது. ஏறத்தாழ 11 கிலோகிராம் எடை. தையற்பொறிப் பெட்டியைப் போன்ற தோற்றம். 5 அங்குலத் திரை. விலை 1,795 டாலர். எழுதவும் கணக்கிடவும் தேவையான மென்பொருள்களை ஏனையோர் தனித்தனியே விலைக்கு விற்க, இவர் பொறியோடு சேர்த்தே கொடுத்தார். அம்மென்பொருள்களின் தனி விலையைக் கூட்டினால் பொறியின் விலையை அணுகும். ஆயா போட்ட கைப்பிடிக் கடலையை நினைப்பூட்டும் கொசுறு இது. அளவு மட்டும் பெரிது. மிகச் சிறந்தது வேண்டுவதில்லை, போதுமானது போதும் என்பது அவர் கொள்கை. மக்கள் விரும்பி வாங்கினர். ஒரு திங்களிற் பதினாயிரம் பொறிகள் விற்ற காலமும் உண்டு.

ஆனால், சந்தை அவரைக் கவிழ்க்கவும் செய்தது. 1983ஆம் ஆண்டில், இதனினும் சிறந்த புதுப்பொறி வரவிருக்கிறது என்னும் செய்தியை அவர் முன்னரே வெளியிட்டார். அதனைக் கேட்ட கடைக்காரர் பழைய பொறியை வாங்குவதை நிறுத்தினர். நாளை வரும் சரக்கைப் புகழ்ந்தால் இன்றுள்ள சரக்கு விலை போகாது என்பது மாட்டுத்தரகர் யாவரும் அறிந்த செய்தி. துண்டின் மறைவில் விலை பேசுவோர் வாயை அடக்குவது வீணன்று. அவ்வாண்டு செப்டம்பரில் அந்நிறுவனம் நொடிந்தது. வீழ்ச்சிக்கு ஐ.பி.எம். முதலிய பெருநிறுவனங்களின் போட்டியும், கணக்கு மேலாண்மைக் குறைகளும் காரணம் என்று ஆராய்ந்து கூறுவோரும் உளர். அவர் கூற்றே பொருத்தமாகத் தோன்றுகிறது. எனினும், முன்கூட்டி அறிவித்துக் கெடுவதற்கு ‘ஆஸ்பர்ன் விளைவு’ என்னும் பெயரே வணிக நூல்களில் நிலைத்துவிட்டது.

அடுத்த ஆண்டே அவர் மீண்டும் கடை விரித்தார். மென்பொருளைப் புத்தகத்தைப்போல மலிவு விலைக்கு விற்பது அம்முறை நோக்கம். லோட்டசு நிறுவனம் 1987ஆம் ஆண்டில் அவர்மீது வழக்குத் தொடுத்தது. 1990ஆம் ஆண்டில் தீர்ப்பு அவருக்கு எதிராக அமைந்தது.

உடல்நலம் குன்றிய ஆஸ்பர்ன் 1992ஆம் ஆண்டில் இந்தியாவிற்குத் திரும்பினார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நாற்பதாண்டிற்கு மேல் வாழ்ந்தவர், இறுதிக்காலத்தில் நாடியது உடன்பிறந்தார் வாழ்ந்த கொடைக்கானலை. பதினோர் ஆண்டுகள் அங்கே வாழ்ந்து, 2003ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள், 64ஆம் வயதில் அவர் மறைந்தார். சிறுவனாக அவர் ஆறாம் வகுப்புவரை பயின்ற பள்ளி அவ்வூரிலேதான் உள்ளது.